குளத்து வண்டலில் கிடைத்த ஓட்டைக் கிண்ணம்: என்னவாக இருக்கும்?

கோரையாற்றுக்காரன் | மே 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். மேட்டூர் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று போன வாரம் பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். வண்டல் இரண்டு டிராக்டர் வாங்கிக் கொல்லையில் கொட்டினோம். மறுநாள் காலையில் பரப்பும்போது மண்வெட்டியில் ‘ணங்’ என்றது. பார்த்தால் ஒரு கிண்ணம்.

வாய் 14 செ.மீ., உயரம் 7. அடி உருண்டை, தரையில் வைத்தால் ஆடுகிறது. முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. அடியில் சரியாக நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அரித்துப் போன ஓட்டை மாதிரி இல்லை, வட்டமாக இருக்கிறது. விளிம்பில் ஓர் இடத்தில் பெயர்ந்திருக்கிறது.

இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஓட்டையில் அடைத்திருந்த மண்ணைச் சித்தப்பா கோணி ஊசியால் குத்தி எடுத்துவிட்டார். நான் அதற்கு மேலே போய்ப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பாதிக் கிண்ணம் பளபளவென்று இருக்கிறது, மீதி பச்சை. அப்பாயி பார்த்துத் திட்டிய பிறகுதான் நிறுத்தினேன்.

ஊரில் இதுவரை வந்த தீர்ப்புகள்: விளக்கின் மூடி, கன்றுக்குட்டிக்கு மருந்து புகட்டுவது, ராஜா காலத்துச் சாப்பாட்டுக் கிண்ணம். சாப்பாட்டுக் கிண்ணத்தில் ஓட்டை எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

டிடெக்டர்_தம்பி | மே 9, இரவு 9.52

அண்ணா, எந்தக் குளம்? கிண்ணம் ஒன்று கிடைத்தால் பக்கத்திலேயே பானை இருக்கும். ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடவா?

சோழநாட்டான் | மே 9, இரவு 10.15

சந்தேகமே வேண்டாம். இது நாழிகை வட்டில். தண்ணீரில் மிதக்க விட்டால் ஓட்டை வழியாக நீர் ஏறும், நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை. 24 நிமிடம். இப்படி 60 மூழ்கினால் ஒரு நாள். முல்லைப்பாட்டிலேயே ‘குறுநீர்க் கன்னல்’ என்று வருகிறது. நம் பகுதியில் கிடைத்திருப்பதால் சோழர் காலம். வாழ்த்துகள், பெரிய கண்டுபிடிப்பு.

பழங்காசுப்பித்தன் | மே 10, காலை 6.20

தம்பி கோரையாற்றுக்காரன், அழகான பொருள். நாழிகை வட்டிலாகவும் இருக்கலாம். ஆனால் சோழநாட்டான் ‘சந்தேகமே வேண்டாம்’ என்று ஆரம்பித்ததால் ஒரு பழைய கதை சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

25 வருடத்துக்கு முன்பு கும்பகோணத்தில் ஒரு பழைய பாத்திரக் கடையில் செப்புக் காசுகளை ஒரு தட்டில் குவித்து வைத்திருந்தார்கள். நான் அப்போதுதான் சேர்க்க ஆரம்பித்திருந்தேன். ஒரு காசில் ஒரு பக்கம் ஆள் நிற்கிறார், மறு பக்கம் ஆள் உட்கார்ந்திருக்கிறார், கைக்குக் கீழே எழுத்து. எழுத்து நாகரி, இந்தி எழுத்து மாதிரி. நாகரி என்றால் மராட்டியர் என்று எனக்குள் ஒரு கணக்கு. தஞ்சாவூரை 1676 முதல் 1855 வரை ஆண்டவர்கள்தானே. மராட்டியர் காசு எனக்கு வேண்டாம், சோழர் காசு இருந்தால் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த எழுத்து ‘ஸ்ரீ ராஜராஜ’. முதலாம் ராஜராஜன் காசில் பெயர் நாகரியில்தான் இருக்கும். தமிழில் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன், அவன் நான் எதிர்பார்த்த மாதிரி அடிக்கவில்லை. தட்டில் முப்பதுக்குக் குறையாது. மறு வாரம் போனபோது எல்லாவற்றையும் உருக்கப் போட்டுவிட்டார்கள்.

சோழர் காசு தேடிப் போய், கையில் வந்த சோழர் காசைச் சோழர் காசு வேண்டும் என்பதற்காகவே வேண்டாம் என்றவன் நான். அதிலிருந்து எதைக் கையில் எடுத்தாலும் முதல் ஒரு வாரம் அதற்குப் பெயர் வைப்பதில்லை. அளவு, எடை, நிறம், எங்கே கிடைத்தது, கூட என்ன கிடந்தது, இவ்வளவுதான் நோட்டில் எழுதுவேன். பெயர் வைத்துவிட்டால் அப்புறம் கண் அந்தப் பெயரைத்தான் பார்க்கும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். குளத்தின் எந்தப் பக்கத்து மண் உங்கள் டிராக்டரில் வந்தது? அந்த வண்டலில் ஓடு, செங்கல், சங்கு ஏதாவது இருந்ததா? புளி போட்ட கதையை அப்புறம் பேசலாம்.

குருக்கள் வீட்டுப் பெண் | மே 10, காலை 8.05

படத்தைப் பார்த்ததும் எங்கள் வீட்டு வெயில்காலம்தான் ஞாபகம் வந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கினால் சிவன் கோயிலில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டுவார்கள். உருண்டை அடி, நடுவில் ஓட்டை, மூன்று சங்கிலி. ஓட்டையில் அப்பா தர்ப்பையைச் செருகி விடுவார், தண்ணீர் சொட்டுச் சொட்டாக நேராக இறங்கும். எங்கள் கோயிலில் இருப்பது இதைவிடப் பெரிது, ஆனால் சின்னதும் பார்த்திருக்கிறேன்.

விளிம்பில் சங்கிலி மாட்ட வளையமோ காதோ இருக்கிறதா என்று பாருங்கள். குளத்துக்குப் பக்கத்தில் கோயில் உண்டா?

கோரையாற்றுக்காரன் | மே 10, மாலை 7.30

டிராக்டர் ஓட்டியவரிடம் கேட்டேன். எங்கள் இரண்டு நடையும் மேலக்கரைப் படித்துறைக்கு நேர் கீழே எடுத்ததாம். மண்ணைக் கிளறிப் பார்த்ததில் செங்கல் துண்டுகள், ஓட்டாஞ்சில்லு ஏழெட்டு, ஒரு உடைந்த சங்கு, ஓர் ஓட்டைக் காலணா. காலணாவில் 1943 தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் கிண்ணமும் 1943 தானா?

கோயில் உண்டு அக்கா. கீழக்கரையில் சிவன் கோயில். மேலக்கரையில் இப்போது எதுவும் இல்லை.

விளிம்பில் இரண்டு இடத்தில் சின்ன மொட்டு மாதிரி இருக்கிறது. முழுக் காது இல்லை.

அப்புறம், சோழநாட்டான் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டேன். அண்டாவில் தண்ணீர் நிரப்பி மிதக்க விட்டோம். மிதந்தது! மெதுவாக நீர் ஏறி, கடைசியில் ‘க்ளுக்’ என்று ஒரே முழுக்கு. தெருவே வந்து நின்று பார்த்தது. முதல் தடவை 11 நிமிடம் 20 விநாடி. இரண்டாவது 11 நிமிடம் 5 விநாடி. மூன்றாவது தடவை சித்தப்பா குனிந்து பார்க்கிறேன் என்று அண்டாவை இடித்துவிட்டார், அது கணக்கில் இல்லை.

சோழநாட்டான் | மே 10, மாலை 7.48

மூழ்கியதா இல்லையா? முடிந்தது விஷயம். சித்தப்பா ஊசியால் குத்தியதில் ஓட்டை பெரிதாகி இருக்கும், நீர் இரண்டு மடங்கு வேகமாக ஏறியிருக்கிறது. இல்லாவிட்டால் சரியாக 24 வந்திருக்கும். ஒருவேளை ஓட்டை பெரிதாகவே இல்லை என்றால் இது அரை நாழிகை வட்டில். 12 நிமிடம். எப்படிப் பார்த்தாலும் நாழிகை வட்டில்தான்.

பழங்காசுப்பித்தன் | மே 10, இரவு 8.30

சோழநாட்டான், கோபித்துக்கொள்ளாதீர்கள். 24 வந்திருந்தால் வட்டில். 11 வந்தால் ஓட்டை பெரிதான வட்டில். 12-க்குப் பக்கம் என்றால் அரை வட்டில். 40 வந்திருந்தால்? ஓட்டையில் மண் மிச்சம் இருந்தது என்றிருப்பீர்கள். எந்த எண் வந்திருந்தால் ‘இது வட்டில் இல்லை’ என்று ஒப்புக்கொண்டிருப்பீர்கள்? அதை அண்டாவில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அடியில் ஓட்டை உள்ள எந்தக் கிண்ணமும் மூழ்கத்தான் செய்யும். அக்கா சொன்ன தாராபாத்திரத்தை மிதக்க விட்டாலும் மூழ்கும்.

தம்பி, ஓட்டைக் காலணா பற்றி: அது 1943 முதல் 1947 வரை அடித்தது. குளத்து வண்டலில் நூறு வருடத்து மண்ணும் நேற்றைய மண்ணும் கலந்துதான் கிடக்கும், அதற்கு மேல் ஜேசிபி வேறு. கூடக் கிடந்ததாலேயே ஒரே வயது ஆகிவிடாது. காசு என்ன சொல்கிறது என்றால், அந்தப் படித்துறையில் 1943-க்குப் பிறகும் ஆள் இறங்கிக் குளித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஓட்டைக் காசு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நடுவில் சதுர ஓட்டை இருந்தால் உடனே பழைய வாஷர் என்று தூக்கிப் போடாதீர்கள். பழைய தஞ்சை மாவட்டத்தில் தாழிக்கோட்டை, விக்கிரமம் பக்கமெல்லாம் சீனக் காசுக் குவியலே கிடைத்திருக்கிறது. தரங்கம்பாடிக் கரையில் டேனிஷ்காரர்கள் அடித்த ஆரம்பகாலக் காசுகள் ஈயம். அவற்றில் எத்தனை வலைக்குண்டாகப் போய்ச் சேர்ந்தனவோ.

தங்கக்கலசம் | மே 10, இரவு 11.02

நண்பரே, கிண்ணத்துக்குப் பக்கத்தில் அரிசியைக் கொட்டிப் பாருங்கள். அரிசி நகர்ந்தால் இரிடியம் கலந்தது. கோடிக்கணக்கில் வாங்க ஆள் இருக்கிறது. ராமர் படம் போட்ட 1818 கம்பெனிக் காசு இருந்தாலும் சொல்லவும். தனியாகப் பேசலாம்.

ஓய்வுபெற்ற ரெவின்யூ | மே 11, காலை 5.45

மேலே உள்ள நபரிடம் யாரும் தனியாகப் பேச வேண்டாம். இரிடியம் பிளாட்டினக் குடும்பத்து உலோகம். அது அரிசியையும் இழுக்காது, உளுந்தையும் இழுக்காது. அரிசியில் இரும்புத்தூள் தடவி, கலசத்துக்குள் காந்தம் வைத்துக் காட்டுகிற வித்தை அது. வீடு, நிலம் விற்றுக் கொடுத்தவர்களை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். ராமர் படம் போட்ட 1818 காசைக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்ததே இல்லை.

டிடெக்டர் வைத்திருக்கும் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஒழுங்காகத் தெரிவித்து, உரிமை கோர யாரும் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. இதை மட்டும் யாரும் படிப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட இடங்களில் டிடெக்டரோடு போய்த் தோண்டினால் அது வேறு வழக்கு.

பத்தூர் நடராஜர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1976-இல் குடிசைப் பக்கம் தோண்டியபோது ஒரு கூலித் தொழிலாளி கையில் கிடைத்தது. விலைபோய் லண்டன் வரை போயிற்று. அங்கே வழக்கு நடந்து 1991-இல் திரும்பி வந்தார். அந்த வழக்கில் சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் கூட நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். புளி போட்டுத் தேய்த்திருந்தால் அந்தச் சாட்சி ஏது? ஐயா, மணலும் மண்ணும் பேசும், கழுவாதீர்கள். தாலுகா ஆபீசில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

டிடெக்டர்_தம்பி | மே 11, காலை 9.10

புரிந்தது ஐயா. ஆனால் ஒரு சந்தேகம். சீர்காழியில் 2023-இல் யாகசாலைக்குத் தோண்டும்போது இருபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளும் நூற்றுக்கணக்கான தேவாரச் செப்பேடுகளும் வந்ததே, அதெல்லாம் டெல்லித் தளபதி மாலிக் காபூர் படையெடுப்புக்குப் பயந்து புதைத்ததுதானே? அப்படியானால் ஒவ்வொரு கோயிலுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டுமே.

பழங்காசுப்பித்தன் | மே 11, காலை 10.00

இதுவும் என் காசு மாதிரிதான் தம்பி. எது புதைந்திருந்தாலும் 1311, மாலிக் காபூர் என்று நமக்கு ஒரு பழக்கம். 1781-இல் ஹைதர் அலி படை தஞ்சைச் சீமையைச் சூறையாடிய போதும் மனிதர்கள் பயந்திருக்கிறார்கள். பின்னமான திருமேனியைப் பூசையிலிருந்து எடுத்து முறைப்படி மண்ணில் வைப்பதும் உண்டு. வெள்ளம் ஒரு பக்கம். வீட்டுச் சண்டையில் பங்காளிக்குத் தெரியாமல் புதைத்த பாத்திரமும் உண்டு, அதை எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறோம்.

மயிலாடுதுறைப் பக்கம் செம்பியன்கண்டியூர் விஷயம் நினைவிருக்கிறதா? 2006. பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டும்போது இரண்டு கற்கோடரி. ஒன்றில் கீறல்கள். அவை சிந்துவெளிக் குறியீடுகள் என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் சொன்னார், ஏற்காதவர்களும் உண்டு. யார் சரி என்பதில் நான் இறங்கவில்லை. எனக்குப் பிடித்தது அந்த ஆசிரியர் செய்த காரியம். டெல்டாவில் நாலு ஆள் ஆழம் தோண்டினாலும் வண்டல்தான், கல்லே கிடையாது. ஆகவே வயலில் கிடக்கும் கல் எதுவானாலும் எங்கிருந்தோ வந்த கல். அவர் அதைத் துணி துவைக்கிற கல்லோடு போடாமல், விவரம் தெரிந்த நண்பரிடம் காட்டினார். இத்தனை வருட வாதமும் நடக்க முடிந்தது அதனால்தான்.

நாச்சியார்கோயில்_பட்டறை | மே 11, மதியம் 2.25

நான் படித்தவன் இல்லை, பட்டறைக்காரன். குத்துவிளக்கு வேலை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சிலது சொல்கிறேன்.

இது வார்ப்பு இல்லை, தட்டு வேலை. உள்பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், சுத்தியல் பட்ட வட்டம் வட்டமாகத் தெரியும். புளி போட்ட இடத்தில் செக்கச் செவேல் என்று வந்திருப்பதால் செம்பு. வெண்கலம் என்றால் மஞ்சள் அடிக்கும்.

ஓட்டையைத் தடவிப் பாருங்கள். உள்ளிருந்து குத்தியிருந்தால் பிசிறு வெளிப்பக்கம் நிற்கும், வெளியிலிருந்து என்றால் உள்பக்கம்.

மொட்டு என்றீர்களே, அதுதான் முக்கியம். ஒரு நூலை விளிம்பில் சுற்றி, மொட்டுக்கும் மொட்டுக்கும் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள். எதிரெதிராக இருந்தால் கைப்பிடி. அப்போது அது தூக்கு. சங்கிலிக்கு என்றால் கணக்கு வேறு.

கோரையாற்றுக்காரன் | மே 11, மாலை 6.50

அளந்துவிட்டேன். விளிம்பு முழுச் சுற்று 44 செ.மீ. மொட்டிலிருந்து மொட்டுக்கு ஒரு பக்கமாகப் போனால் 14.5. மறு பக்கமாகப் போனால் 29.5.

அந்த 29.5-இல் பாதி எங்கே வருகிறது என்று நூலை மடித்து வைத்துப் பார்த்தேன். சரியாக அந்தப் பெயர்ந்த இடத்தில்!

நான்கு நாளாக அந்தப் பெயர்ந்த இடத்தை ‘சேதம்’ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். படம் எடுக்கும்போது கூட அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துத்தான் எடுத்தேன்.

பிசிறு வெளிப்பக்கம் இருக்கிறது. ஆனால் சித்தப்பாவும் உள்ளிருந்துதான் குத்தினாராம்.

குருக்கள் வீட்டுப் பெண் | மே 11, மாலை 7.05

மூன்று காது! சம தூரத்தில்! மூன்றாவது பிய்ந்துகொண்டு போகும்போது விளிம்பையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அபிஷேகச் சாமான்களைக் குளத்துப் படியில்தானே கொண்டுவந்து துலக்குவார்கள்.

சோழநாட்டான் | மே 11, இரவு 8.15

ஒப்புக்கொள்கிறேன், தாராபாத்திரம் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் பித்தன் ஐயா கேட்ட மாதிரியே நானும் ஒன்று கேட்கலாமா? கோயில் இருப்பது கீழக்கரையில், கிண்ணம் கிடைத்தது மேலக்கரையில். இரண்டாவது, முதலில் வட்டிலாக இருந்து, பிறகு காது வைத்துத் தாராபாத்திரமாக மாற்றியிருக்கலாம் அல்லவா? காது பிறகு வைத்ததா, அப்போதே வைத்ததா?

பழங்காசுப்பித்தன் | மே 11, இரவு 8.40

பலே. இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

நாச்சியார்கோயில்_பட்டறை | மே 11, இரவு 9.30

சொல்லிவிடலாம். காதைப் பொடி வைத்து ஊதி, அதாவது பற்றவைத்து, ஒட்டியிருந்தால் ஒட்டிய இடத்தில் வேறு நிறக் கோடு ஓடும், பச்சையும் அங்கே வேறு மாதிரி பிடித்திருக்கும். பிற்காலத்தில் வைத்தது என்றால் அடியில் பழைய பச்சை, மேலே புதுப் பற்று என்று அடுக்கு தெரியும். அந்த மொட்டுப் பக்கம் தேய்க்காமல் இருக்கிறதா?

கோரையாற்றுக்காரன் | மே 11, இரவு 9.36

இரண்டு மொட்டும் நான் தேய்த்த பாதியில்தான் இருக்கின்றன.

பழங்காசுப்பித்தன் | மே 11, இரவு 9.41

…

கோரையாற்றுக்காரன் | மே 14, மதியம் 1.15

இன்று தாலுகா ஆபீசில் ஒப்படைத்துவிட்டேன். ரெவின்யூ ஐயா சொன்னபடி எழுத்து மூலம் மனு, கூடவே பித்தன் ஐயா கேட்ட மாதிரி ஒரு தாள்: அளவு, எடை, எந்தக் கரை, எவ்வளவு ஆழம், கூடக் கிடந்தவை. ஓட்டாஞ்சில்லு, சங்கு, காலணா எல்லாம் தனித்தனிக் கவரில். புளி போட்டதையும் எழுதினேன்.

மேலக்கரை பற்றி அப்பாயி ஒன்று சொன்னது. அங்கே முன்பு ஒரு மடம் இருந்ததாம், அப்பாயி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே சுவர் மட்டும்தான் மிச்சமாம். இதையும் தாளில் சேர்த்திருக்கிறேன், ‘அப்பாயி சொன்னது’ என்றே.

ரசீதில் என்ன எழுதப் போகிறார்கள் என்று ஆவலாக நின்றேன். தாராபாத்திரம், நாழிகை வட்டில் இரண்டையும் எடுத்துச் சொன்னேன். எழுத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுதினார்: “செம்புக் கிண்ணம் – 1, அடியில் ஓட்டையுடன்.” பிறகு பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “ஓட்டை ஏற்கெனவே இருந்ததா, நீங்கள் போட்டதா?”

சித்தப்பா பக்கத்தில்தான் நின்றார். “ரெண்டும் சார்” என்றார்.